பாடிப் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்

ஜனவரி 19, ஞாயிறு

குரல் பயிற்சி கொடுக்கும் அம்மாள் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரம் பேசினேன், எப்போது கரகரத்தது, தண்ணீர் போதுமான அளவு குடித்தேனா என்று. ஊரார் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறவளுக்கு இப்போது ஒரு வீட்டுப்பாடம். சரி, எழுதுகிறேன். இன்று ஆராதனையில் பாட்டுகளுக்கு வாயை மட்டும் அசைத்தேன். தண்ணீர் குடித்தேன். முடிந்தது.

மிச்சமிருக்கும் இடத்தில் வேறு ஒன்றை எழுதி வைக்கிறேன். சாயங்காலம் ரூபன் வந்தார். டயர் கிடங்கை வாடகைக்கு விட்டுவிட்டாராம். எங்கள் குழு வருடக்கணக்கில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வாசித்துப் பழகியது அந்தக் கிடங்கில்தான். என் கணவர் கிங்ஸ்லி கீபோர்டு, ரூபன் ரிதம் பேட், இசக்கிமுத்து அண்ணாச்சி கிட்டார், நான் பாட்டு. நான் என்றால், போன ஜூன் வரைக்கும் நான்.

இனி நம்ம வீட்டு மாடி அறையில் பழகலாம் என்று கிங்ஸ்லி சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம். கிடங்கில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் கூம்பு ஸ்பீக்கரையும் வீட்டுக்குள் வைத்தால் பாளையங்கோட்டை முழுக்கக் கேட்கும். அதனால் கையைக் கடிக்காத விலையில், வீட்டுக்கு அடக்கமாகப் புதிதாக ஒன்று வாங்குவதாகப் பேச்சு. ஈஸ்டர் கழிந்ததும் ரூபனின் தங்கை மகனுக்குக் கல்யாணம். வரவேற்பில் எங்கள் குழு வாசிக்க வேண்டும்.

"மதினிதான் பாத்து எடுக்கணும். நம்ம கூட்டத்துல காது அவங்களுக்குத்தான் இருக்கு," என்றார் ரூபன்.

தொண்டையைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காக எல்லாரும் என் காதைப் புகழ்கிறார்கள்.

ஜனவரி 22, புதன்

எட்டாம் வகுப்பில் இயற்கணிதம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் குட்டி ஸ்பீக்கரோடு போனேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தலைமையாசிரியை வாங்கிக் கொடுத்தது. டிபன் டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைவது போல இருக்கிறது. பிள்ளைகள் பழகிவிட்டார்கள், நான்தான் பழகவில்லை.

பயிற்சி அம்மாள் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்: கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான், பயமில்லை. பேசலாம், பாடம் நடத்தலாம், மீன்காரியிடம் பேரம் பேசலாம். மேலே போகிற சுருதியில் மட்டும் குரல் வர வேண்டிய இடத்தில் காற்று வருகிறது. "கொஞ்ச நாள்ல வந்துரும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டர் மட்டும் "பார்ப்போம்" என்றார்.

ஜனவரி 25, சனி

மாடி அறையைக் காலி செய்தோம். தையல் மெஷின், ஓடாத மின்விசிறி, ஓசூரில் வேலை பார்க்கும் மகனின் சைக்கிள், யாருடையது என்றே தெரியாத ஒரு பெரிய குடை. நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன். சுவர் திருப்பித் தட்டியது. கனமான திரை போட வேண்டும், பழைய மெத்தையை அந்தச் சுவரில் சாத்த வேண்டும் என்றேன். கிங்ஸ்லி உடனே மெத்தையைத் தூக்கி வந்தார். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்பவர் அல்ல அவர். ஏழெட்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறார்.

ஸ்பீக்கர் விஷயத்தில் ஆளுக்கு ஒரு கட்சி. ரூபனுக்கு பேஸ் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும். கிங்ஸ்லிக்கு விலையும் கனமும் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அவருடைய கீபோர்டு மட்டும் கண்ணாடி மாதிரி கேட்க வேண்டும். இசக்கிமுத்து அண்ணாச்சி மார்க்கெட்டில் வாழை இலை மொத்த வியாபாரம் செய்கிறவர். பேசுகிற வார்த்தையையும் கட்டுக் கட்டாக எண்ணித்தான் கொடுப்பார். "கரண்டு போனா பேட்டரில ஓடணும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

"பாட்டு கேக்க வேண்டாமா?" என்றேன்.

"ஆமா, அதுதான முக்கியம்," என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர்கள் போனபிறகு கிங்ஸ்லி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். எனக்குக் கேட்பது கீகள் டொக் டொக்கென்று அமுங்கும் சத்தம் மட்டும். பாட்டைக் கேட்டால் என் மனசு கஷ்டப்படும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கேட்காவிட்டால்தான் என்ன வாசிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

தண்ணீர் குடித்தேன். பயிற்சி செய்ய நேரமில்லை. திரைக்குத் துணி எடுத்தேன், பச்சை.

பிப்ரவரி 1, சனி

ஜங்ஷன் பக்கம் இருக்கும் ஒலிபெருக்கிக் கடைக்கு நான்கு பேரும் போனோம். கல்யாணப் புடவை எடுக்கப் போவது போல. கடையில் முபாரக் என்று ஒருவர் கவனித்துக்கொண்டார். நல்ல பொறுமைசாலி. பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு "போன்ல இருந்து பாட்டுப் போட்டுப் பாருங்க" என்றார்.

ரூபன் போட்டார். சின்னப் பெட்டி இரண்டு, நடுத்தரம் ஒன்று, கடைசியில் இடுப்பளவு உயரத்தில் கறுப்பாக ஒன்று. அதில் விளிம்பைச் சுற்றி விளக்கு வேறு எரிகிறது, தாளத்துக்கு நீலமும் சிவப்புமாக மாறுகிறது. அதில் பாட்டைப் போட்டதும் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ரூபனின் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. பேட்டரியும் உண்டு என்றதும் இசக்கிமுத்து அண்ணாச்சி தலையாட்டிவிட்டார். எல்லாக் கருவியையும் அதன் முதுகிலேயே செருகலாம், சத்தங்களைக் கலக்கிக் கொடுக்கும் மிக்சரைத் தனியாக வாங்க வேண்டாம், செலவு மிச்சம் என்றதும் கிங்ஸ்லியும் சாய்ந்துவிட்டார்.

போனில் இருக்கும் பாட்டைப் போட்டுப் பார்த்துத்தான் எல்லாரும் ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு ஸ்டுடியோவில் ஏற்கெனவே சமைத்து, தாளித்து, இறக்கி வைத்தது. எந்தத் தட்டில் பரிமாறினாலும் ருசிக்கும். ஒரு அறையில் நின்று மனுஷர் பாடுகிற பச்சைக் குரல் அப்படி இல்லை. அதை ஒரு பெட்டி தாங்குமா, தாங்காதா என்று பாடித்தான் பார்க்க வேண்டும்.

முபாரக்குக்கு அது தெரிந்திருக்கிறது. என்னிடம் மைக்கை நீட்டினார். "மேடம் பாடுவீங்கன்னு அண்ணன் சொன்னாங்க. ரெண்டு லைன் பாடிப் பாருங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

கிங்ஸ்லி ஏதோ வயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

"ஹலோ, ஹலோ," என்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு."

கறுப்புப் பெட்டியை வாங்கிவிட்டோம். ஒரு மாதத்துக்குள் பிடிக்காவிட்டால் கொண்டு வாருங்கள், வேறு மாற்றித் தருகிறேன் என்று முபாரக் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே எழுதினார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அந்தப் பெட்டியில் குரல் நிற்குமா என்று யாராவது என்னிடம் நேராகக் கேட்டார்களா? கேட்கவில்லை. பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன்.

சாளை மீன் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. கிங்ஸ்லி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பு கூட என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 8, சனி

மாடியில் முதல் பழக்கம். நான் கீழே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மாவு அதிகமாக ஆட்டிவிட்டேன், அதனால் மேலே போக நேரமே கிடைக்கவில்லை.

கேட்க எப்படி இருந்தது என்றால், அடுக்களைக் கூரை இடித்தது. ரூபன் ஒரு தட்டுத் தட்டினால் அலமாரியில் தம்ளர்கள் பதில் சொல்கின்றன. கிட்டார் எங்கே போனதென்று தெரியவில்லை. பாட்டு இல்லாமல் பழக முடியாது என்று கிங்ஸ்லியே பல்லவியைப் பாடினார். பாவம், அவர் குரலைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை. மைக்கைச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் வீலென்று கூவியது, குறைத்தால் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வடை சாப்பிடும்போது ரூபன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "மதினி, வரவேற்புக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள உங்களுக்குச் சரியாயிரும். இல்லன்னு சொல்லல. ஆனா பழகுததுக்கு மட்டும், சும்மா ஒரு துணைக்கு, நம்ம ஷெர்லினக் கூப்பிடலாமான்னு…"

ஷெர்லின் அவருடைய சித்தப்பா பேத்தி. கல்லூரியில் இரண்டாம் வருடம். என்னிடம் கணக்குப் படித்தவள். கணக்கில் சுமார், பாட்டில் கெட்டிக்காரி.

"நல்ல யோசனைதான், கூப்பிடுங்க," என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான். பருப்பு வடையில் இஞ்சி போட மறந்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷெர்லின் பாட்டுகளை எழுதிக்கொண்டு போக வந்தாள். "மிஸ், இந்த மழைப் பாட்டுல சரணத்துல மேல போற எடத்துல மூச்சு எங்க எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

எங்களுக்குள் மழைப் பாட்டு என்று பெயர். எந்த மேடையிலும் அதைத்தான் என்னிடம் கேட்பார்கள். மூச்சு எங்கே எடுப்பேன் என்று யோசித்தேன், நினைவு வரவில்லை. இத்தனை வருடம் அதை யோசித்து எடுத்தேனா என்ன.

"உனக்கு எங்க வருதோ அங்க எடு," என்றேன். காப்பி கொடுத்தேன். பிள்ளைக்கு நல்ல மரியாதை, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 15, சனி

இன்று மேலே போனேன். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஷெர்லின் நன்றாகப் பாடுகிறாள். பேனா சரியில்லை, இந்த வரியை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

பெட்டிதான் அவளைப் பாட விடவில்லை. கீபோர்டின் அடிச் சத்தம், ரிதம் பேட், கிட்டார், மைக் எல்லாம் அந்த ஒரே வாய் வழியாக வெளியே வர வேண்டும். கல்யாணப் பந்தி மாதிரி முண்டியடிக்கிறது. தடியாக இருப்பவை முந்திக்கொள்கின்றன, குரல் இலை கிடைக்காமல் நிற்கிறது. தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் கத்துகிறாள். அவள் கத்துவதால் ரூபன் ஏற்றுகிறார். ரூபன் ஏற்றுவதால் கிங்ஸ்லி ஏற்றுகிறார். விளக்கு மட்டும் சந்தோஷமாக நீலமும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்தவளைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

குரல் பயிற்சி செய்யவில்லை. எதற்கு?

பிப்ரவரி 22, சனி

ஷெர்லினுக்கு வரும்போதே குரல் அடைத்திருந்தது. சளி என்றாள். சளி இல்லை. போன சனிக்கிழமையின் மிச்சம் அது. இரண்டு பாட்டு பாடினாள். மழைப் பாட்டில் மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைத்தது. பாடி முடித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கினாள். வலித்தது, முகத்தில் தெரிந்தது.

எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கிங்ஸ்லி எழுந்து வந்து பொத்தானை அணைத்தார்.

"இந்தப் பெட்டி நமக்கு ஆகாது. பாட்டுக் கேக்க நல்லாருக்கும், பாட்டுப் பாட ஆகாது. இந்தப் பிள்ள இன்னும் ரெண்டு வாரம் இதுல பாடினா தொண்ட கெட்டுப் போவும்."

"வாங்கும்போதே சொல்லிருக்கலாம்லா மதினி?" என்றார் ரூபன். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன். பாடிப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பாட வேண்டியது நான், அதனால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. அதற்குத் தைராய்டு காரணமில்லை.

இசக்கிமுத்து அண்ணாச்சிதான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டே, "மாசம் இன்னும் முடியலல்லா? மாத்திக்கிடுவோம்," என்றார். ஷெர்லினுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் ஒரு தம்ளர் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 26, புதன்

ஷெர்லின் வார இறுதி வரை பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கவலைப்பட ஒன்றுமில்லை, வீக்கம்தான், வடிந்துவிடும். கடைக்கு அவள் வர முடியாது.

கிங்ஸ்லி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப கடையில யாரு பாடிப் பாக்க?" என்றார். என்னைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ரசத்துக்கிட்டயா கேக்கீங்க?"

"உங்கிட்டத்தான்."

"பாப்போம்," என்றேன். டாக்டர் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன்.

ராத்திரி பயிற்சி செய்தேன். வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று கீழிருந்து மேலே. பாதி வழி வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் படி இல்லை.

மார்ச் 1, சனி

மாற்றிவிட்டோம். எல்லாவற்றையும் எழுத வேண்டும் போல இருக்கிறது.

கறுப்புப் பெட்டியை ரூபனின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். முபாரக் அதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், மைக்கை எடுத்து வைத்தார். கடையில் மாதிரிக்கு வைத்திருந்த கீபோர்டில் கிங்ஸ்லி உட்கார்ந்தார். அண்ணாச்சி ஒரு கிட்டாரை எடுத்துக்கொண்டார். ரூபன் ரிதம் பேடைச் செருகினார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் விசாரிக்க வந்த மூன்று பேர், வயர் வாங்க வந்த ஒருவர்.

மழைப் பாட்டையே எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. வீம்பு என்று வைத்துக்கொள்ளலாம். பல்லவி வந்தது, சுமாராக. சரணத்தில் மேலே போகிற இடத்தில் வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அந்தக் கறுப்புப் பெட்டி அந்தக் காற்றையும் விடாமல் பெருக்கிக் கடை முழுக்க ஊதியது. வயர் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

முபாரக் நல்ல மனசோடுதான் சொன்னார்: "எக்கோ கொஞ்சம் ஏத்துதேன் மேடம். எல்லாம் மறைஞ்சிரும்."

"வேண்டாம். அத சுத்தமா எடுத்துருங்க."

அவமானமாக இருந்தது. மைக்கை வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று இருந்தது. அப்படிப் போயிருந்தால் இவர்கள் மறுபடி போனில் பாட்டைப் போட்டு இன்னொரு விளக்குப் பெட்டியை வாங்கி வருவார்கள், அந்தப் பிள்ளை மறுபடி கத்தும். போகவில்லை.

"ரெண்டு கட்டை எறக்குங்க," என்றேன் கிங்ஸ்லியிடம்.

கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பொத்தான் உண்டு. அதைத் தேடுவார் என்று காத்திருந்தேன். தெரியாத கீபோர்டு, தேட நேரமாகும். அவர் தேடவில்லை. கையை இரண்டு கட்டை கீழே நகர்த்தி வைத்தார், முன்னிசையை ஆரம்பித்தார். பாட்டைச் சுருதி மாற்றினால் விரல்கள் எல்லாம் வேறு வழியில் போக வேண்டும். புதிதாக மாற்றுகிறவர் நிச்சயமாக இரண்டு மூன்று இடத்தில் இடறுவார். இவர் ஒரு இடத்திலும் இடறவில்லை.

பாடினேன். கீழே என்னிடம் இவ்வளவு இடம் இருப்பது எனக்குத் தெரியாது. கரகரப்பாக, கொஞ்சம் ஆம்பளைத்தனமாக, ஆனால் காற்று இல்லாமல் வந்தது. மேலே போகிற இடமும் வந்தது. அது இப்போது மேலே இல்லை, அவ்வளவுதான்.

பிறகு வேலை சுலபம். ஒவ்வொரு பெட்டியாக அதே நாலு வரியைப் பாடினேன். கடைசியில் இரண்டு சின்னப் பெட்டிகளும் ஒரு குட்டி மிக்சரும். ஒரு பெட்டியில் குரல் மட்டும், இன்னொன்றில் மற்றதெல்லாம். பந்தியில் குரலுக்குத் தனி இலை. பெட்டிகளை மைக்குக்குப் பின்னால் வைக்காமல் முன்பக்கமாகத் தள்ளி வைத்துப் பார்த்தோம், கூவவில்லை.

"இதுதான்," என்றேன்.

"இதுலயா?" என்றார் ரூபன். "கரகரப்பெல்லாம் அப்படியே கேக்கு மதினி. பேஸையும் காணோம்."

"கேக்கணும். என் கொரல் எனக்குக் கேட்டாத்தான் நான் கத்தாமப் பாடுவேன். ஷெர்லினும் அப்படித்தான்."

மேற்கொண்டு கொஞ்சம் போட வேண்டியிருந்தது. பேட்டரி கிடையாது. அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டுச் சட்டைப் பையில் கையை விட்டார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "அந்தச் சுருதியில எப்பப் பழகினீங்க?"

முன்னால் ஒரு பஸ் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஜூலைல இருந்து. உன் பாட்டு எல்லாத்தையும் எறக்கி வாசிச்சு வச்சிருக்கேன். நீ கேக்கிற அன்னைக்கு ரெடியா இருக்கணும்லா."

மார்ச் 3, திங்கள்

இரண்டு நாளாக கிங்ஸ்லியோடு பேசவில்லை.

ஜூலையில் எனக்குக் கழுத்தில் தையல் போட்ட இடம்கூட ஆறவில்லை. "வந்துரும் ஹெப்சி, வந்துரும்" என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டே, சாயங்காலம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வராது என்பதற்குப் பழகியிருக்கிறார். இதற்குச் சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா? எனக்கு இரண்டும் வருகிறது. அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பதும் ஆத்திரமாக வருகிறது.

பேசாமல் இருப்பது குரலுக்கு நல்லது என்று பயிற்சி அம்மாள் சொல்வார். ஆகவே இது பயிற்சிதான்.

மார்ச் 5, புதன்

லெந்து நாள், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம், தொடங்கிவிட்டது. கிங்ஸ்லி எப்போதும் போலக் கறியையும் மீனையும் விட்டுவிட்டார். லெந்து காலத்தில் மாடியில் சினிமாப் பாட்டா என்று கோயிலில் யாராவது கேட்பார்கள் என்று பயப்படுகிறார்.

"சின்னப் பெட்டிதான, வெளிய கேக்காது," என்றேன். நாலு நாள் விரதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வாக்கியம். அவர் உடனே தோசை இன்னும் ஒன்று கேட்டார்.

மார்ச் 8, சனி

பச்சைத் திரை, சுவரில் மெத்தை, இரண்டு சின்னப் பெட்டிகள். ஷெர்லினும் வந்திருந்தாள். குரல் தெளிந்துவிட்டது, ஆனால் இன்று பாட வேண்டாம், சும்மா இரு என்று சொல்லியிருந்தேன்.

மழைப் பாட்டை இறக்கிய சுருதியில் முழுக்கப் பாடினேன். பல்லவி, இரண்டு சரணம், கடைசி ஆலாபனை. எங்கும் நிற்கவில்லை. முடிந்ததும் கிங்ஸ்லி, "பாத்தியா, நான் சொன்னேம்லா, வந்துட்டு," என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். ஷெர்லின் கைதட்டினாள்.

ரூபன் மட்டும் ரிதம் பேடைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மதினி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கொரல் இல்ல இது."

கிங்ஸ்லி அவரை முறைத்தார். அண்ணாச்சி சுருதி சேர்ந்தே இருந்த கம்பியை முறுக்கத் தொடங்கினார்.

ஒன்பது மாதத்தில் எனக்கு ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. ரூபன் மேல் கோபம் வரவில்லை. யாரோ என் கையிலிருந்து கனமான பையை வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

"இல்லதான்," என்றேன். "அந்தக் கொரல் போயிட்டு. இனி வராது."

மைக்கில் சொல்லியிருக்கிறேன். சின்னப் பெட்டி அதைக் கூட்டாமல் குறைக்காமல் அறைக்குள் சொன்னது. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன். பிள்ளை பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை. கிங்ஸ்லி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். வந்துரும் என்று சொல்லவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷெர்லினைக் கூப்பிட்டேன். மைக்கைக் கையில் கொடுத்தேன். "மழைப் பாட்ட மேல் சுருதியில ஒரு தடவ பாடு. கத்தாத. இந்தப் பெட்டியில கத்த வேண்டியதில்ல."

"மிஸ், அது உங்க பாட்டு."

"வரவேற்புல அத நீதான் பாடணும். எறக்கிப் பாடினா அது வேற பாட்டு. பாடு."

பாடினாள். நான் கதவுப் பக்கம் போகவில்லை, பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். சரணத்தில் அந்த இடம் வந்தது. பிள்ளை அலட்டிக்கொள்ளாமல் ஏறினாள், மேலே நின்றாள், இறங்கினாள். நான் பாடியதைவிட நன்றாகப் பாடினாள் என்று எழுத மாட்டேன். நன்றாகப் பாடினாள். எனக்கு நெஞ்சு வலித்தது, கேட்கவும் பிடித்திருந்தது.

அவள் முடித்ததும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிங்ஸ்லி மெதுவாக, "இன்னைக்குப் போதுமா ஹெப்சி?" என்றார்.

எழுந்து போய் ஷெர்லினிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். அடுத்த பாட்டு எனக்கு, சுருதியை மறுபடி கீழே இறக்குங்கள் என்றேன்.